என் கல்லீரலும் அவள் எண்ணெய்ச் சட்டியும்

நான் குடித்ததே இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கல்லீரலில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. புனே பக்கம் சிஞ்ச்வட்டில் நாங்கள் இருக்கும் சொசைட்டியின் வாட்ச்மேன் கேட்டான். எதிர் ஃப்ளாட் அம்மாள், நாங்கள் காக்கு என்று கூப்பிடுகிறவர், கேட்காமல் கேட்டார். "உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியாது" என்று மராத்தியில் இழுத்தார். திருநெல்வேலியிலிருந்து என் மனைவியின் தம்பி போன் செய்து நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"சத்தியமாச் சொல்லுங்க அத்தான். கம்பெனி பார்ட்டில கூடவா இல்ல?"

"செந்தூர் முருகன் மேல சத்தியமா இல்ல மாப்ளே."

"சரி, விடுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

என்ன செய்வது? பத்தாம் வகுப்போடு ஊரை விட்டு வந்து, மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை ஒரு வம்புக்கும் போகாதவன். காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் காப்பியைத் தொட்டதில்லை. சர்க்கரை வியாதி உண்டு. கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று ரொம்ப நாளாகவே ஒவ்வொரு ஸ்கேனிலும் எழுதிக் கொடுத்தார்கள்; நடங்கள் என்றார்கள், நடந்தேன். அப்படியும் போன கார்த்திகையில் அந்தக் கட்டி வந்து உட்கார்ந்துவிட்டது.

சர்ஜன் மராத்திக்காரர், அதிகம் பேசாதவர். புற்றுக்கட்டிதான், என்றாலும் சிறியது, ஒரே இடத்தில் இருக்கிறது, வெட்டி எடுத்துவிடலாம் என்றார். ஆனால் ரத்தத்தில் புரதம் குறைவாக இருக்கிறது, உடம்பு தாங்க வேண்டும், ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டுத் தேறி வாருங்கள் என்றார். முட்டை சாப்பிடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் பருப்பு, தயிர், பனீர், கடலை, வழக்கமான அளவு எண்ணெய், படுக்கப் போகுமுன் ஏதாவது ஒரு பலகாரம். இவ்வளவுதான் அவர் சொன்னது. இதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஆனாலும் குழப்பிக்கொண்டோம்.

அதே நாள் வெளியே பெஞ்சில் நாங்கள் மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு இளம்பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே ஆராய்ச்சி செய்கிறவள். ஆபரேஷனில் கட்டியோடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள நல்ல சதையும் ஓரளவு வெட்டித்தான் எடுப்பார்கள், எடுத்ததில் கெட்ட பக்கத்தில் ஒரு துணுக்கும் நல்ல பக்கத்தில் ஒரு துணுக்கும் எங்களுக்குத் தருவீர்களா என்று ஹிந்தியில் கேட்டாள். இரண்டிலும் என்னென்ன கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். கெட்டதை எடுத்துக்கொள், நல்லது எதற்கு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையிலும் ரிஜெக்ட் ஆன பீஸைத் தனியாக வைத்துப் பார்க்க மாட்டோம். பக்கத்தில் ஒரு நல்ல பீஸை வைத்தால்தான் எங்கே பிசகியது என்று தெரியும். யோசித்துச் சொல்லுங்கள், அட்மிட் ஆகும்போது கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். நல்ல பெண்.

போகுமுன் சில கேள்விகள் கேட்டாள். வீட்டில் என்ன எண்ணெயில் சமைக்கிறீர்கள், மாதத்துக்கு எவ்வளவு ஆகும், பொரித்தது அடிக்கடி உண்டா. நான் தமிழில் மாற்றிச் சொல்ல, என் மனைவி பதில் சொன்னாள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நாள் கிழமையென்றால் நெய். எதற்கு இதெல்லாம் என்று அவள் கேட்க, கல்லீரலில் இருக்கும் கொழுப்பைப் பற்றியதுதான் எங்கள் வேலை என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. ஆட்டோ பிடித்து வீடு வந்தோம். லிஃப்டில் மனைவி கேட்டாள்.

"என்ன எண்ணெய்ன்னு எதுக்குக் கேக்கா? சும்மாவா கேப்பா?"

"ஆராய்ச்சிக்குக் கேக்கா. எல்லார்ட்டயும் கேப்பா."

"இத்தன வருசம் உங்க தட்டுல எண்ணெய் ஊத்துனது யாரு? எல்லார் வீட்டுக்காரியுமா?"

அன்று மாலை நான் நடந்துவிட்டு வருவதற்குள் எண்ணெய் டின் எதிர் வீட்டுக் காக்குவிடம் போயிருந்தது. இரும்புச் சட்டி பரண்மேல் கவிழ்ந்து கிடந்தது. பூஜை அலமாரிக்கு முன்னால் ஈரத் தலையோடு நின்றிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். திருச்செந்தூரானுக்கு நேர்ந்துகொண்டாளாம். எனக்குக் குணமாகிற வரைக்கும் இந்த அடுப்பில் எண்ணெய் ஏறாது, நெய்யும் ஏறாது.

மனைவியோடு சண்டை போடலாம். நேர்த்திக்கடனோடு எப்படிச் சண்டை போடுவது? நானே நாலு நேர்த்தி நேர்ந்தவன். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று மகளுக்குச் சொல்லி வளர்த்தவன். மகள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவள்தான் எதிர்த்துப் பேசிப் பார்த்தாள்.

"அம்மா, டாக்டர் ஆயில் பந்த் பண்ணச் சொல்லவே இல்ல. உல்ட்டா சாப்பிடத்தான் சொன்னாங்க."

"டாக்டரு கத்தி பிடிக்கிறவரு. அடுப்பு பிடிக்கிறவ நானு. நீ போயி உன் கம்ப்யூட்டரப் பாரு."

மச்சினன் வேறு, ஊரிலிருந்துகொண்டே எண்ணெய் ஊற்றினான். அதாவது, எரிகிற தீயில். எல்லா நோய்க்கும் எண்ணெய்தான் காரணம் என்று யாரோ பேசிய வீடியோக்களை அக்காவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒருவர் தேங்காய் எண்ணெய் விஷம் என்றார். அடுத்தவர் தேங்காய் எண்ணெய் தவிர எல்லாம் விஷம் என்றார். இரண்டையும் அவள் நம்பினாள். கூடவே கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கச் சொன்னான். சர்ஜனைக் கேட்காமல் எதையும் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபட்டது.

மார்கழி வந்தது. புனே மார்கழிக் குளிரில் பசி பிய்த்துக்கொண்டு வரும். எனக்கு என்ன வந்தது? தாளிக்காத சாம்பார். வெந்த காய், உப்பு. இட்லிப் பொடியில் வெந்நீர் ஊற்றிக் குழைத்துத் தந்தாள். தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு சுரண்டச் சுரண்டக் கந்தலாக வந்தது. பனீரில் கொழுப்பு என்றாள், தயிரில் ஆடை என்றாள், கடலையைப் பிழிந்தால் எண்ணெய்தானே என்றாள். பூஜையில் விளக்கு மட்டும் நல்லெண்ணெயில் நின்று எரிந்தது. முருகா, உனக்கு உண்டு, எனக்கு இல்லையா என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். கோபத்தில் கேட்டதுதான், மன்னித்திருப்பான்.

ஒருநாள் விடிகாலையில் எங்கள் தமிழ்க்கோயிலுக்குப் போனோம். வெண்பொங்கல் பிரசாதம். மிளகும் முந்திரியும் மேலே தெரிய, தொன்னையின் அடியில் நெய் கசிந்து என் உள்ளங்கையைச் சுட்டது. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு வாய் போட்டேன். சொர்க்கம். இரண்டாம் வாய்க்குக் கை போவதற்குள் தொன்னை பறிபோனது. "பிரசாதம்னா ஒரு வாய். அதுக்கு மேல போனா அது சாப்பாடு" என்று சொல்லி, மீதியைப் பக்கத்தில் நின்ற ஒரு விமானப்படைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது.

எனக்குச் சாப்பாடே வெறுத்துப் போயிற்று. வெறுத்ததை எவ்வளவுதான் தின்ன முடியும்? பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. அவளுக்கும் அது தெரிந்தது. தெரிந்தும், கொழுப்பு கரைகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாதம் முடிந்து போனோம். சர்ஜன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். என்னை எடை பார்க்கச் சொன்னார். மறுபடி தாளைப் பார்த்தார். புரதம் முன்னைவிடக் குறைந்திருக்கிறது, எடையும் குறைந்திருக்கிறது, இந்த உடம்பில் என்னால் கத்தி வைக்க முடியாது என்றார். இன்னும் கொஞ்சம் நாள் தள்ளிப் பார்க்கலாம், ஆனால் கட்டி நமக்காகக் காத்திருக்காது. ரொம்பத் தள்ளினால் வெட்டுகிற நிலைமையே போய்விடும். வீட்டில் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

நான் வெடித்துவிட்டேன். தாளிக்காத சாம்பாரிலிருந்து கந்தல் தோசை வரைக்கும் ஹிந்தியில் கொட்டினேன். இவள் என்னைப் பாசத்தாலேயே கொல்கிறாள் என்றும் சொன்னேன். அந்த வார்த்தை அவளுக்குப் புரிந்தது. அழவில்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று சர்ஜனுக்குச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

சர்ஜன் பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டிலும் இதை நவஸ் என்போம், என் அம்மாவுக்கு எத்தனையோ உண்டு, அதற்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, மராத்தி கலந்த ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார்: "ஆனால் அம்மா, பட்டினி கிடந்த மனிதரை நான் வெட்ட மாட்டேன். கடவுளிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்."

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் வரவில்லை. விறுவிறுவென்று தாழ்வாரத்தில் நடந்து, அந்த ஆராய்ச்சிப் பெண் இருக்கும் அறை எங்கே என்று நர்ஸிடம் கையாலேயே கேட்டு, கதவைத் தட்டிவிட்டாள். நான் மூச்சு வாங்க அவள் பின்னால் போய்ச் சேர்ந்தேன். என் மனைவியின் ஹிந்தி காய்கறிக் கடையோடு நிற்கிற ஹிந்தி. அதிலேயே கேட்டாள், விலை கேட்பது போல.

"சச் போலோ பேட்டி. மேரா தேல் சே ஹுவா க்யா?"

உண்மையைச் சொல், என் எண்ணெயால்தான் இது வந்ததா. அத்தனை நாளும் என்னிடம்கூட இப்படி நேராகக் கேட்டதில்லை. அந்தப் பெண் பயந்துபோனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்கார வைத்தாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கல்லீரலில் இருக்கும் கொழுப்பு ஒரே சரக்கு இல்லை, பல வகை. சில வகையை உடம்பே, தின்ற சோற்றையும் சர்க்கரையையும் வைத்துச் செய்துகொள்ளும். சில வகையை உடம்பால் செய்யவே முடியாது. எண்ணெய், கடலை, விதை என்று வாய் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். புற்று பிடித்த பகுதி வேகமாக வளர வேண்டுமே, அதற்காக அது தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே அவசர அவசரமாகச் செய்துகொள்கிறது. அதனால் தானே செய்துகொண்ட வகை அங்கே கூடுதலாகவும், சாப்பாட்டிலிருந்து வரும் வகை நல்ல பகுதியில் இருப்பதைவிடக் குறைவாகவும் பல நோயாளிகளிடம் தெரிந்திருக்கிறது. எல்லாரிடமும் அப்படித்தானா, ஏன் அப்படி என்று முழுக்கத் தெரியவில்லை. தெரியாததால்தான் உங்களிடம் துணுக்குக் கேட்கிறோம்.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மனைவி என் வாயைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு அவள் நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் நேர்மையான பெண்; பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. சர்க்கரை வியாதியும், உடம்பின் எடையும், ரொம்ப நாளாகப் படிந்த கொழுப்பும் சேர்ந்துதான் சிலருக்கு இது வருகிறது, சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றாள். ஆனால் ஒரு வீட்டுச் சட்டியைக் காட்டி இதனால்தான் வந்தது என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. நான் எண்ணெய் பற்றிக் கேட்டது குற்றம் கண்டுபிடிக்க அல்ல, எல்லாரிடமும் கேட்கிற கேள்வி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

 மனைவி என்னிடம் திரும்பினாள்.

"தானே செய்துக்கிடுதாமா?"

"ஆமா."

"அப்ப அந்த மூதிக்கு நான் ஆக்கிப் போடல."

"இல்ல."

"நான் போட்டதெல்லாம் நல்ல பக்கத்துலதான் கெடக்கு."

கொஞ்சம் கூட்டித்தான் எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். மூதியை எப்படி ஹிந்தியில் சொல்வது என்று தெரியாமல், புரிந்துவிட்டதாம் என்று மட்டும் சொன்னேன்.

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால், வீட்டுக்கு வந்தபின் நேர்த்தி அப்படியே நின்றது. மனசு மாறினாலும் கொடுத்த வாக்கு மாறுமா? நானும் அவளை வாக்கை மீறு என்று சொல்லத் துணியவில்லை. பசியோடு சோபாவில் படுத்துக் கிடந்தேன். பூஜை அலமாரி முன்னால் அவள் பேசுவது கேட்டது. மந்திரம் இல்லை, பாட்டு இல்லை. பேரம்.

"நான் என்ன சொன்னேன்? இந்த அடுப்புல ஏறாதுன்னு சொன்னேன். இந்த அடுப்புன்னுதான சொன்னேன்? இதுல ஏத்த மாட்டேன். இவுகளுக்கு வேற அடுப்பு வைக்கேன். என் வாய்க்கு இந்த அடுப்புதான். சரியா? சரின்னு எடுத்துக்கிடுதேன்."

கொஞ்ச நேரம் கழித்து மகளைக் கூப்பிட்டு, கரண்டில் ஓடுமே அந்த அடுப்பை வாங்கச் சொன்னாள். மறுநாளே இண்டக்‌ஷன் அடுப்பு வந்துவிட்டது. பரணில் கிடந்த சட்டி அடி உருண்டையாக இருந்ததால் அதில் உட்காரவில்லை. அதற்கு ஒரு தட்டைச் சட்டியும் வந்தது. காக்கு எங்கள் எண்ணெய் டின்னைப் பாதி காலி செய்து திருப்பித் தந்தார். அன்று மாலை கடுகு வெடித்த சத்தத்தைக் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்னைத் தின்ன வைத்ததும் ஒரு தொல்லைதான். பருப்பு உசிலி, பனீர், கடலைச் சுண்டல், கெட்டித் தயிர், தூங்கப் போகுமுன் கட்டாயம் ஓர் அடை. போதும் என்றால் சர்ஜன் பெயரைச் சொல்லி மிரட்டினாள். ஆனால் அவள் தட்டைப் பார்த்தால் என் தொண்டையில் இறங்காது. பழைய அடுப்பில் வெந்த காய், தாளிக்காத சாம்பார், கந்தல் தோசை. எதிரே உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டே என் தட்டில் ஊற்றுவாள்.

தை பிறந்து சில நாளில் மறுபடி போனோம். எடை ஏறியிருந்தது. புரதமும் ஏறியிருந்தது. சர்ஜன் தேதி கொடுத்தார். அட்மிட் ஆன அன்று ஆராய்ச்சிப் பெண் தாளோடு வந்தாள். நான் கையெழுத்துப் போடப் போனபோது மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தப் பெண்ணிடம் ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னாள்.

"கெட்டதுல எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும். நல்லதுல பாத்துக் கொஞ்சமா எடுக்கச் சொல்லுங்க."

வெட்டி எடுத்ததிலிருந்துதான் எடுப்போம், உள்ளே இருப்பதைத் தொடமாட்டோம் என்று அந்தப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். கையெழுத்துப் போட்டேன்.

முருகன் காப்பாற்றினான். சர்ஜன் கையும் காப்பாற்றியது. கட்டி முழுதாக வந்துவிட்டது, ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்றார்கள். தையல் ஆறி நடமாட ஆரம்பித்தபின், என் ஈரலில் என்ன இருந்தது என்று கேட்கலாமே என்று அந்தப் பெண்ணைத் தேடிப் போனோம். துணுக்கில் உங்கள் பெயரே இருக்காது, எண் மட்டும்தான், நிறையப் பேருடையதைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் ஏதாவது சொல்ல முடியும், அதற்கே வருஷங்கள் ஆகும் என்றாள். இவ்வளவு பாடுபட்டுக் கொடுத்தால் ஒரு பதிலும் கிடையாதாம்.

போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார் சர்ஜன். அப்பாடா என்று நான் எழுந்தேன். மனைவி எழுந்திருக்கவில்லை. "டீக் ஹோ கயா?" என்று கேட்டாள். குணமாகிவிட்டதா. சர்ஜன் யோசித்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, குணம் என்ற வார்த்தையை நான் இப்போது சொல்ல மாட்டேன், சில வருஷம் அவ்வப்போது பார்க்க வேண்டும் என்றார். சொல்லிவிடுங்கள் சார், ஒரு தடவை சும்மா சொல்லிவிடுங்கள் என்று நான் அவரைக் கெஞ்சினேன். அவர் சிரித்தார். பொய் சொல்ல மாட்டாராம். எனக்கு வாய்த்தவர்கள் எல்லாருமே இப்படித்தான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டில் என் அடையில் பாதியைப் பிய்த்து வைத்தேன். ஓரத்தில் எண்ணெய் மினுமினுத்தது. என்னைப் பார்த்தாள். எடுத்துத் திரும்ப என் தட்டிலேயே வைத்துவிட்டு, விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"அவரு சொல்லட்டும். அதுக்கு முன்னாடி சும்மா உசிர வாங்காதிய."

அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதும் உள்ளே இரண்டு அடுப்பும் எரிகின்றன.